திணிவும் நிறையும்: பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம்



"உம்மா, தேங்காய் ஏன் கீழே விழுகிறது? சந்திரன் மட்டும் ஏன் விழுவதில்லை?" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும். "சும்மா இரு மகன், அடுப்பில் வேலை கிடக்கிறது" என்று நாம் சொல்லிவிடுவோம். அதே பிள்ளை பதின்மூன்று வயதில் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "நிறை எனப்படுவது..." என்று வரைவிலக்கணத்தை மனனம் செய்யும். அப்போது விடை இருக்கிறது, கேள்வி போய்விட்டது. கேள்வி போன பிறகு வருகிற விடை தவணைப் பரீட்சை முடியும்வரைதான் தங்கும்.

"நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும்தான், எனக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது" என்று பின்வாங்கும் சகோதரிகள் பலர். உங்களுக்காகவே இம்மாதப் பாடம். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். வீட்டிலுள்ள பொருட்கள் போதும்.

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நமது பாடப் புத்தகங்களில் இரண்டு சொற்கள் வரும். ஒன்று திணிவு, மற்றது நிறை. ஒரு பொருளில் எவ்வளவு சடப்பொருள் அடங்கியிருக்கிறது என்பது திணிவு. அதைக் கிலோகிராமில் அளப்போம். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு தன்பால் இழுக்கிறது என்பது நிறை. அதை நியூற்றனில் அளப்போம். 100 கிராம் சவர்க்காரக் கட்டி ஒன்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். கையை அது அழுத்துகிறதல்லவா? அந்த அழுத்தும் விசைதான் ஏறத்தாழ ஒரு நியூற்றன். ஒரு கிலோ சீனியின் நிறை 9.8 நியூற்றன், அதாவது பத்துக்குச் சற்றுக் குறைவு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'நிறை' என்றால் நமது திணிவு. நமது நிறையை அங்கே 'எடை' என்பார்கள். அங்கிருந்து வரும் விஞ்ஞான நூல்களைப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்தால், இதைச் சொல்லியே கொடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும்.

சரி, திணிவும் நிறையும் வெவ்வேறு என்பதை எப்படிக் காட்டுவது? ஊஞ்சல் கட்டியிருக்கிறீர்களா? அதில் தம்பியை இருத்தி, மூத்த பிள்ளையைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லுங்கள். பிறகு வாப்பாவை இருக்கச் சொல்லித் தள்ளச் சொல்லுங்கள். வாப்பாவின் நிறையைத் தாங்குவது கயிறு. பிள்ளை தூக்கவே இல்லை. அப்படியிருந்தும் வாப்பாவை அசைப்பது கஷ்டமாக இருக்கிறது. ஆடத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதும் கஷ்டமாக இருக்கிறது. அந்த மறுப்புக்குக் காரணம் திணிவு. இருந்தபடியே இருக்கவும், ஓடினால் ஓடிக்கொண்டே இருக்கவும் பொருள் விரும்புவது போன்ற இந்தத் தன்மையைச் சடத்துவம் என்பார்கள்.

அடுத்தது நிறை. ஓர் இறப்பர் வளையத்தை ஆணியில் மாட்டி, அதன் கீழே யோகட் கோப்பை ஒன்றை நூலால் தொங்கவிடுங்கள். பின்னால் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். கோப்பைக்குள் மாபிள்களை ஒவ்வொன்றாகப் போடப் போட வளையம் நீளும். நீளும் இடத்தைப் பிள்ளை பென்சிலால் குறிக்கட்டும். இதுவே வில் தராசின் தத்துவம். மீன்காரர் கொக்கியில் மாட்டித் தூக்கிக் காட்டுவதும் இதைத்தான். பூமி இழுப்பதை அது அளக்கிறது.

பழைய மரக்கறிக் கடைகளில் இருந்த இரு தட்டுத் தராசு வேறு வகை. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் பொருள். பூமி இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பதால், அது காட்டுவது திணிவை. இந்த இரண்டு தராசுகளையும் சந்திரனுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். சந்திரனின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு கிலோ சீனியை வில் தராசில் மாட்டினால் அது சுமார் 1.6 நியூற்றன்தான் காட்டும். இரு தட்டுத் தராசோ அங்கேயும் ஒரு கிலோ என்றே சொல்லும். சீனியில் ஒரு மணி கூடக் குறையவில்லையே!

சந்திரன்வரை போகவும் தேவையில்லை. பூமியிலேயே ஈர்ப்பு இடத்துக்கு இடம் சிறிது மாறும். துருவங்களில் அது கூட. மத்திய கோட்டருகே குறைவு. இலங்கை மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், வட துருவத்தில் ஒருவருக்கு 60 கிலோ காட்டிய அதே வில் தராசு, இங்கே ஏறத்தாழ 300 கிராம் குறைத்துக் காட்டும். மெலிய விரும்புபவர்கள் இதைக் கேட்டுச் சந்தோசப்பட வேண்டாம். திணிவு அப்படியேதான் இருக்கிறது!

கிணறு உள்ள வீடுகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை இலேசாக வரும். வெளியே வந்ததும் கனக்கும். தண்ணீர் வாளியை மேல்நோக்கி உதைப்பதே காரணம். இந்த மேலுதைப்பை வைத்தே தங்கத்தில் கலப்படம் இருக்கிறதா என்று அறியலாம். மேர்வ் நகரில் வாழ்ந்த அறிஞர் அல்-காஸினி, 1121ஆம் ஆண்டளவில் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' என்ற அரபு நூலில், பொருட்களைக் காற்றிலும் நீரிலும் நிறுத்துத் தங்கம், வெள்ளிக் கலவையைக் கண்டறியும் நுண்ணிய தராசை விரிவாக விளக்கியிருக்கிறார். கிணற்றடியில் இருந்து தங்கத் தராசுவரை ஒரே விதிதான்.

பாரமான பொருள் வேகமாக விழும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைக்கும். ஒரு நாணயத்தையும் ஒரு தாளையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். நாணயம் முந்தும். "பார்த்தீங்களா உம்மா!" என்று பிள்ளை துள்ளும். இப்போது அதே தாளைக் கசக்கி உருண்டையாக்கிப் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக விழும். தாள் பாரம் கூடவில்லை. காற்றின் தடைதான் குறைந்தது. காற்றே இல்லாத சந்திரனில், 1971ஆம் ஆண்டு அப்பலோ 15இல் சென்ற டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

இனி, சந்திரன் ஏன் விழுவதில்லை? உண்மையில் அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பந்தைக் கிடையாக எறிந்தால் சிறிது தூரம் போய் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தூரம் போகும். போதிய வேகம் இருந்தால், அது விழ விழப் பூமியின் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். பந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இதை நியூற்றன் விளக்கினார். 400 கிலோமீற்றர் உயரத்திலுள்ள விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களும் இப்படித்தான். அங்கே ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இங்குள்ளதில் ஏறத்தாழ 90 வீதம் அங்கும் இருக்கிறது. நிலையமும் மனிதரும் ஒன்றாக விழுவதால் மிதப்பதுபோல் தெரிகிறது.

விசை என்ன செய்யும்? நின்றதை ஓடச்செய்யும், ஓடியதை நிறுத்தும், வேகத்தையும் திசையையும் மாற்றும், உருவத்தையும் மாற்றும். ரொட்டி மாவைப் பிசைந்து தட்டும்போது கடைசி விளைவைக் காட்டுங்கள். மற்றவற்றுக்குக் கரம் பலகை போதும். காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலுள்ள காயை வேகமாக அடித்தால் அது மட்டும் பறக்கும்; மேலுள்ளவை அதே இடத்தில் கீழே இறங்கும். சடத்துவம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. பலகைக்கு மா தூவுவது ஏன் என்று கேட்டால், உராய்வைப் பற்றியும் பேசலாம்.

சகோதரிகளே, இந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் உதவும். காரின் முன் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்" என்று சொல்கிறோம். கணக்குப் பார்ப்போம். குழந்தை 10 கிலோ. வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அதாவது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 11 மீற்றர். எதிலாவது மோதிச் செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், குழந்தையைப் பிடித்து நிறுத்த 1100 நியூற்றன் விசை வேண்டும். அது 110 கிலோ மூட்டையைக் கையில் தாங்குவதற்குச் சமம். எந்தத் தாயின் கையும் அதற்குப் போதாது. பாசம் குறைவென்பதல்ல, சடத்துவம் பாசத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே குழந்தைக்கென உள்ள ஆசனத்தைப் பின்னால் பொருத்தி, பட்டியையும் மாட்டுங்கள். மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கிமேல் பிள்ளையை இருத்திச் செல்லும் வாப்பாமாரும் இந்தக் கணக்கைப் படிக்கட்டும்.

தென்னையடியில் விளையாட வேண்டாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 20 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தேங்காய், காற்றின் தடையை விட்டுவிட்டால், இரண்டே செக்கனில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தோடு தரைக்கு வரும். "போகாதே" என்று அதட்டுவதைவிட, இதைச் சொல்லிப் பாருங்கள். காரணம் தெரிந்த பிள்ளை நாம் பார்க்காதபோதும் விலகி நிற்கும்.

கடைசியாக ஒன்று. எந்தச் சோதனையிலும் விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் மகள்?" என்று கேளுங்கள். பிள்ளை பிழையாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். செய்து பார்க்க விடுங்கள். கை கண்டதை மனம் மறக்காது. உங்களுக்குத் தெரியாத கேள்வி வந்தால், "வா, இருவரும் தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதில் உங்கள் மதிப்புக் குறையாது.

இந்த வாரம் இறப்பர் வளையத் தராசில் தொடங்குங்கள். அடுத்த மாதம் வேறொரு பாடத்தோடு சந்திப்போம்.