குன்னூர் ஆற்றில் இறங்குவது யார்?

குன்னூர் பேருந்து நிலையத்தின் பக்கம் ஓடுவதை ஆறு என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே சிரிப்பார்கள். கடைகள், விடுதிகள், வீடுகள் என ஊரின் கழிவுநீர் அதில்தான் இறங்குகிறது. ஆய்வுக்காகப் போய்வந்த நாட்களில் தூய்மைப் பணியாளரான அக்கா ஒருவர் சொன்னார்: "மழை பெஞ்சா ஆறு தம்பி, மத்த நாளு சாக்கடை. ரெண்டு நாளும் உள்ள எறங்குறது எங்காளுங்கதான்."

இந்த ஆறு மலையிறங்கி மேட்டுப்பாளையம் அருகே பவானியில் சேர்கிறது. (2019 டிசம்பரில் 17 தலித்துகளைப் பலிகொண்ட நடூர் சுவர் நின்ற அதே மேட்டுப்பாளையம்தான்.) மலையின் வடக்குப் பக்கத்து நீர் மாயாறாகி பவானிசாகர் அணைக்குப் போகிறது. அணையில் வலை வீசுகிறவர்களுக்கு, மேலே கரைத்ததெல்லாம் கீழே வந்து சேர்கிறது. தொண்ணூறுகளில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவால் அங்கே மீன்கள் செத்து மிதந்தன. மக்கள் போராடினார்கள், ஆலை கடைசியில் மூடப்பட்டது. ஆலைக்கு ஒரு வாசல் இருந்தது, அதன் முன் நின்று கோஷம் போட முடிந்தது. மலைநகரங்களின் சாக்கடைக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

அது மீனைக் கொல்லும் விதமும் சத்தமில்லாதது. மலம் கலந்த நீரை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. கோடையில் ஓட்டம் குறையும்போது நிலைமை இன்னும் மோசம். தேயிலைச் சரிவுகளிலிருந்து உரமும் களைக்கொல்லியும் மண்ணும் வேறு வந்து சேர்கின்றன. எதையும் தாங்கும் ஜிலேபி போன்ற மீன்கள் பிழைக்கும், மற்றவை காணாமல் போகும்.

மீனைப் பற்றி இந்த மலையில் யாரும் கவலைப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1879இலேயே நீலகிரிக்கென வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. துரைமார்களின் துப்பாக்கிக்கும் தூண்டிலுக்கும் எதுவும் குறையக் கூடாதே! பின்னர் அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார்கள். 1820களில் சல்லிவன் வெட்டுவித்த ஊட்டி ஏரியில் இன்று கோடப்பமந்து கால்வாயின் சாக்கடை கலக்கிறது. நாற்றம் சுற்றுலாப் பயணியின் மூக்கை எட்டும்போது ஏரி செய்தியாகிறது. அதைத் தூர்வாருகிறவரின் மூக்கு எப்போதாவது செய்தியானதுண்டா?

இப்போது 'ஆற்றைக் காப்போம்' என்ற பேச்சு எழும்போதெல்லாம் விரல் முதலில் நீள்வது ஆற்றோரக் குடிசைகளை நோக்கித்தான். 'ஆக்கிரமிப்பாளர்கள் அசுத்தம் செய்கிறார்கள்.' நான் பேசியவர்களில் பலர், ஓய்வு பெற்றதும் எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்தவர்கள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், ஊரைக் கூட்டுகிறவர்கள். பெரும்பாலும் தலித்துகள். மேட்டில் இடம் கிடைக்காததால்தான் பள்ளத்தில் ஆற்றோரம் ஒதுங்கினார்கள். குடிசையின் குழாய் எல்லோர் கண்ணிலும் படுகிறது. மேட்டிலுள்ள சொகுசு விடுதியின் கழிவு மண்ணுக்கடியில் இறங்கி வருவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. யாரை அழுக்கு என்று பார்க்கப் பழகியிருக்கிறோமோ, அவர்களிடம்தான் அழுக்கைத் தேடுகிறோம். சூழலியல் பேசும் நம் நண்பர்கள் சிலருக்கும் இது பொருந்தும், சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

1927இல் மகத் குளத்து நீரை அள்ளிக் குடிக்க அண்ணல் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. நல்ல நீரைத் தொடக்கூடாது என்று தடுத்த அதே சாதி, கெட்ட நீருக்குள் இறங்கு என்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. ஆனால் கால்வாய் அடைத்தால் இன்றும் அழைக்கப்படுவது அந்த அக்காவின் தெருதான்.

ஆறு சுத்தமாக வேண்டும், பவானிசாகரில் மீன் பெருக வேண்டும். அதற்கு முதலில் விடுதிகளின் கழிவுநீர்க் கணக்கை நகராட்சிகள் பொதுவில் வைக்கட்டும். சுத்திகரிக்காத ஒரு சொட்டும் ஆற்றில் விழக் கூடாது. தூர்வாருவது இயந்திரத்தின் வேலையாகட்டும். ஆற்றோர மக்களை அகற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் ஊருக்குள்ளேயே, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், பட்டாவோடு வீடு கொடுங்கள். அதுவரை ஒரு குடிசையையும் தொடாதீர்கள்.