வண்டிதான் வீடு என்றால்



மன்னார்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் சின்னதாகச் சமையல் மேடையும் போட்டிருக்கிறாராம். திங்களூரில் தொடங்கி ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் மனைவியோடு அவசரமில்லாமல் சுற்றிவிட்டு, வேளாங்கண்ணிவரை போய்வர ஆசை. லாட்ஜ் வேண்டாம், வண்டியிலேயே படுத்துக்கொள்வோம் என்கிறார். இரவில் திருட்டுப் பயம் இருக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி.

இருக்கைகளை எடுத்ததை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிந்துவிட்டீர்களா, ஐயா? முதலில் அதைச் செய்யுங்கள். நாளை ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அந்த ஒரு காரணம் போதும். திருட்டைப் பொறுத்தவரை, ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள இடத்தில் நிறுத்தினால் பாதிக் கவலை தீரும். எனக்குக் கவலையெல்லாம் உங்கள் வண்டிக்குள் புகக்கூடிய புகையையும், உள்ளே இருக்கும் அடுப்பையும் பற்றித்தான்.

2024 டிசம்பரில், கேரளத்து வடகரையில் சாலையோரமாக ஒரு கேரவன் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தது. சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்கியவர்கள். அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தளத்தில் இருந்த துளை வழியே உள்ளே ஏறியிருக்கிறது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதற்கு ஒரு இருமல்கூட வராது.

நம் டெல்டாவில் இந்த ஆபத்தைக் கொசு கூட்டிவரும். ஐப்பசி, கார்த்திகையில் வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் திறந்துவைத்துப் படுத்துப் பாருங்கள்! கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போடத்தான் கை போகும். மார்கழிப் பனியில் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளத் தோன்றும். இரண்டும் வேண்டவே வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டு, பேட்டரி விசிறியோடு படுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று ஒன்று கிடைக்கிறது. அலங்காரத் திரைச்சீலைக்குச் செலவிடுவதற்கு முன் அதை வாங்கி மாட்டுங்கள்.

அடுப்புக்கு வருவோம். மதுரை ரயில் தீ விபத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் ரயில் பெட்டியைக் கழற்றித் தனியே நிறுத்தியிருந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த காஸ் சிலிண்டரில் தேநீர் போடப்போய்த் தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பெட்டியிலேயே உண்டு உறங்கியவர்கள். எழுந்ததும் வீட்டில் செய்வதைத்தான் அங்கும் செய்திருக்கிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கிவிடும், மேல் ஜன்னல் திறந்திருந்தாலும் வெளியேறாது. கட்டிலுக்கு இரண்டடியில் சிலிண்டர் இருக்கிற வண்டியில் தளத்தை ஒட்டித் துவாரம் இல்லாவிட்டால் ஆபத்துதான். என்னைக் கேட்டால், அடுப்பைக் கீழே இறக்கி, வெட்டவெளியில் சமையுங்கள். மழை நாளா? ஓட்டலில் இட்லி கிடைக்கும்.

இனி, எங்கே நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். நம் பக்கத்துச் சாலைகளில் பல, ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போட்டவை. தார் முடிகிற இடத்தில் மண் கெட்டியாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் சக்கரம் இறங்கினால்தான் அதன் லட்சணம் புரியும். 2021 ஜனவரியில் திருக்காட்டுப்பள்ளி அருகே வரகூரில் ஒரு பேருந்து சாலையோரமாக ஒதுங்கிச் சாய்ந்தபோது, தாழ்வாகப் போன மின்கம்பி உரசிப் பயணிகள் உயிரிழந்தார்கள். கீழே மண்ணையும் மேலே கம்பியையும் பார்க்காமல் ஓரங்கட்டாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். 2022 அக்டோபர் 3 அன்று, பூண்டி மாதா கோயிலுக்கு வந்திருந்த தூத்துக்குடி யாத்திரிகர்கள் காலையில் கொள்ளிடத்தில் குளிக்க இறங்கினார்கள். 6 பேர் மூழ்கிப்போனார்கள். மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டால், உபரித் தண்ணீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். இங்கே காவிரி அடக்கமாகப் போகிறதே என்று பார்த்து அங்கே இறங்கக் கூடாது. போதாததற்கு, மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு. தண்ணீர் வரப்போகிறது என்று முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். கரையோர ஊர்க்காரர்கள் காதில் அது விழுந்திருக்கும். இரவு பத்து மணிக்கு வந்து இறங்கியவருக்கு எப்படித் தெரியும்? வண்டியில் வாழ்கிறவருக்குத் தினமும் ஊர் மாறுகிறது. நேற்று அறிந்துகொண்டது இன்றைக்கு உதவாது.

சம்பா அறுவடைக்குத் தை, மாசியில் இயந்திரத்தோடு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சேலம், ஆத்தூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஆட்கள். வாரக்கணக்கில் வண்டியும் களமும்தான் அவர்களுக்கு வீடு. புது வயலுக்குப் போனால், இறங்குவதற்கு முன் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்ப்பார்கள்: எந்த இடத்தில் சேறு, எந்த மதகு பாரம் தாங்காது, எங்கே கம்பி தொங்குகிறது என்று. நவக்கிரகச் சுற்றுக்கும் அதே வழக்கம் பொருந்தும். பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் போய்விடுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து, வண்டி எங்கே நிற்கலாம், எந்தப் படித்துறையில் குளிக்கலாம் என்று கேளுங்கள். கேட்டால் நம் ஊர்க்காரர்கள் தேவைக்கு மேலேயே சொல்வார்கள். ஊரின் பெயரையும் அருகிலுள்ள கோயில் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டிவையுங்கள். நடுராத்திரி 108-ஐ அழைத்தால், எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் திருவிழாக் கொடியேறுகிறது. அதற்கு முன்பே வேன்களும் பேருந்துகளும் நம் ஊர்கள் வழியே வரத் தொடங்கிவிடும். உங்கள் ஊரில் இரவில் வண்டி நிறுத்தத் தோதான இடம், கழிப்பறை, நல்ல படித்துறை எது, இறங்கவே கூடாத துறை எது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஊர்வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்