அழித்தலும் அணைத்தலும்

ஒரு மன்றத்தின் இணையதளத்தைச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால், அதன் அமைப்புக் கோப்பையே அழித்துவிடும் வீரர் பலர் நம்மிடையே உளர். இது வேண்டாத வேலை. பட்டம் பெற்று நாம் போய்விடுவோம். அடுத்த ஆண்டுச் செயலாளர் எதைக்கொண்டு தளத்தை மீண்டும் திறப்பார்?

டெபியன், உபுண்டு கணினிகளில் அப்பாச்சி வழங்கிக்கு இரண்டு அடைவுகள் உண்டு. கோப்புகள் வாழ்வது ‘சைட்ஸ்-அவைலபிள்’ அடைவில். ‘சைட்ஸ்-எனேபிள்டு’ அடைவில் அவற்றைச் சுட்டும் இணைப்புகளே இருக்கும். வழங்கி படிப்பது இந்த இரண்டாவதைத்தான். ‘ஏ2டிஸ்சைட்’ என்னும் கட்டளை இணைப்பை மட்டும் நீக்கும். கோப்புக்கு ஒரு கேடும் வராது. ‘ஏ2என்சைட்’ மறுபடி இணைக்கும். பிறகு அமைப்பைப் புதிதாகப் படிக்குமாறு வழங்கிக்குச் சொல்ல வேண்டும். எஞ்சின்எக்ஸிலும் அந்தக் கணினிகளில் இதே ஏற்பாடுதான். இணைப்பை மட்டும் நாமே கையால் போட வேண்டும்.

இணைப்பை நீக்கியதும் தளம் வாய்மூடிவிடும் என்று எண்ணுவோரும் உளர். அதுதான் இல்லை! தளத்தின் பெயர் இன்னும் அதே கணினியைச் சுட்டுகிறதன்றோ? வருபவருக்கு அப்பாச்சி, எஞ்சியவற்றுள் முதலில் நிற்கும் தளத்தைக் காட்டிவிடும். பொங்கல் விழா நிகழ்ச்சி நிரலைத் தேடி வந்தவர் விடுதியின் சாப்பாட்டுப் பட்டியலைக் கண்டு திகைப்பார். ஆகவே, ‘இத்தளம் இப்போது இயங்கவில்லை’ என்று சொல்லும் சிறு தளம் ஒன்றை முதலிடத்தில் நிறுத்துங்கள். கோப்பின் பெயர் ‘000’ என்று தொடங்கினால் அதுவே வரிசையில் முந்தும்.