அடங்காத ஆசை யாருடையது?

ஆங்கிலத்திலே ஒரு சொல் உண்டு: 'இன்சேஷியபிள்'. 'போதும்' எனப் பொருள்படும் 'சாட்டிஸ்' என்ற இலத்தீன் சொல்லே அதற்கு வேர். எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாதது, எவ்வளவு உண்டாலும் அடங்காதது என்று பொருள்.

சொல்லின்மீது குற்றமில்லை. அறிவிலே அடங்காத ஆசை கொண்டவனை உலகம் போற்றத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சொல்லை யார், யார்மீது வீசுகிறார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும், தோழர்களே! கூலி உயர்வு கேட்டால், "இவர்கள் ஆசைக்கு அளவே இல்லை" என்கிறார்கள்.

அளவே இல்லையா? 1886-ம் ஆண்டு மே முதல் நாள், சிகாகோத் தொழிலாளர் கேட்டது என்ன? எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் விருப்பம்போல் வாழ! மூன்று எட்டு இருபத்து நான்கு. அதற்குமேல் ஒரு நொடி கேட்டார்களா? 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே, ஆலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. பேராசை என்று ஏசப்பட்டது, நியாயம் என்று ஏற்கப்பட்டது!

அடங்காத ஆசையைக் காணவேண்டுமா? காங்கோவைப் பாருங்கள்! 1885 முதல் 1908 வரை, பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டு, தன் நாட்டைவிட எழுபது மடங்குக்கும் பெரிய அந்த மண்ணைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தான். ஒருநாள்கூட அங்கே காலடி வைத்தவனல்ல. ஊருக்கு இத்தனை ரப்பர் என்று கணக்கு. கணக்குக் குறைந்தால் பெண்கள் பிணைக்கைதிகள்; மனிதர் கைகள் வெட்டப்பட்டன. காட்டுக்கொடிகள் அழிந்த இடத்திலும் ரப்பர் எங்கே என்ற கேள்வி நிற்கவில்லை. ஊருக்குத்தான் கணக்கு, மன்னன் ஆசைக்கு ஏது கணக்கு?

"தொழிலாளியும் ஆண்டுக்கு ஆண்டு கூட்டித்தானே கேட்கிறான்?" என்பார்கள். ஆம், அரிசி விலை ஏறுகிறது, கேட்கும் தொகையும் ஏறுகிறது. ஆனாலும் அவன் ஒரு தொகை சொல்லிக் கேட்கிறான். தொகை சொல்பவன் 'போதும்' என்பதை அறிந்தவன். இலாபத்துக்கு இவ்வளவு போதும் என்று தொகை சொன்ன முதலாளியைக் கண்டதுண்டா?

சொத்தை ஆங்கிலத்தில் 'அசெட்' என்பார்கள். அதுவும் அதே 'சாட்டிஸ்' வேரில் முளைத்ததே. கடனை அடைக்கப் போதுமானது என்பது அதன் பழம்பொருள். 'போதும்' என்ற சொல்லிலே பிறந்த சொத்து, 'போதும்' என்பதையே மறந்துவிட்டது!

ஆகவே தோழர்களே, பேச்சுவார்த்தையில் அந்தப் பழிச்சொல் வந்தால் சினம் வேண்டாம். "இதோ எங்கள் கணக்கு. எங்கே உங்கள் கணக்கு?" என்று கேளுங்கள். அது போதும்!