புகார் எழுதிக் கொடுத்தாத்தான் பார்ப்பீங்களா?

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கமே வரலை. போன ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு சும்மா படுத்துக்கிட்டே ஜப்பான்காரங்க மோட்டார் படகுப் பந்தயம் ஒண்ணைப் பார்க்க ஆரம்பிச்சேன். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, அது முடிஞ்சா அதுக்கு அடுத்தது. எழுந்திருக்கும்போது மணி ஏழு. ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு, "உனக்கு நீச்சலே தெரியாது, உனக்கெதுக்குடா படகு?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா கொடைக்கானல் ஏரியைச் சுத்தியே வளர்ந்த பயலுக்குப் படகு மேல ஒரு 'இது' இருக்கத்தானே செய்யும்? அதுவுமில்லாம என் மனசுக்குள்ள ஒரு படகு ரொம்ப வருஷமா கட்டிக் கிடக்கு. இன்னிக்கு அதை அவுத்து விட்டுடறேன்.

கொசுவத்தி சுத்துது, பார்த்துக்கோங்க...

2013 மே மாசம். பதினொண்ணாவது முடிச்சிருந்தேன். சீசன் கூட்டம் ஊரை நெரிச்சுக்கிட்டு இருந்த நேரம். ஏரியில ஒரு சின்னப் படகுப் போட்டி. யார் நடத்தினாங்க, என்னங்கறதெல்லாம் வேணாம், விட்டுடுங்க. ரெண்டு பேர் உட்கார்ந்து காலால மிதிக்கற படகு. கரையிலேர்ந்து கிளம்பி, தண்ணியில மிதக்கற ஒரு பீப்பாயைச் சுத்திட்டுத் திரும்பி வரணும். நானும் என் சித்தி பையனும் பேர் கொடுத்தோம். விதிமுறை என்னன்னு மைக்ல சொன்னாங்க: எல்லாருக்கும் ஒரே மாதிரி படகு, கையால தண்ணியைத் தள்ளக்கூடாது, அடுத்த படகை இடிக்கக்கூடாது. அவ்வளவுதான். வரிசையில முதல்ல நிக்கறவங்க முதல்ல படகை எடுத்துக்கலாம்.

நாங்க காலையிலேயே போய் முதல் ஆளா நின்னோம். காரணம் இருக்கு. லீவு பூரா அந்தக் கரையிலதான் எங்க வாசம். எந்தப் படகு எப்படின்னு எங்களுக்கு அத்துப்படி. பார்க்க எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். ஆனா ஃபைபர் படகோட அடிவயிறு காலியான கூடு. ஒரு சின்ன விரிசல் விட்டாப் போதும், உள்ள தண்ணி இறங்கிடும். வெளியில ஒண்ணும் தெரியாது. மிதிக்கறவனுக்கு மட்டும் அம்மிக்கல்லை இழுக்கற மாதிரி இருக்கும். அந்த வரிசையில ஒரே ஒரு படகுதான் அப்பத்தான் ஒட்டுப்போட்டு, காயவெச்சு இறக்கினது. நாங்க நேரா போய் அதுல ஏறினோம்.

ஜெயிச்சோம். சும்மா இல்லை, மூணு படகு நீளம் வித்தியாசத்துல.

ரெண்டாவது வந்தவங்க ஒரு குதிரைக்கார அண்ணனோட பசங்க, அண்ணன் தம்பி. தினமும் ஏரியைச் சுத்தி, அதாவது அஞ்சு கிலோமீட்டர், குதிரையோட கூடவே ஓடற காலு. எங்க காலு டியூஷனுக்கு நடந்த காலு. அவங்க படகு ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு வந்ததை எல்லாரும்தான் பார்த்தாங்க. தம்பிக்காரன் கரையேறினதும், "படகை மாத்திக்கிட்டு இன்னொரு தடவை விடுங்கண்ணே"ன்னு கேட்டான். மைக் வெச்சிருந்தவர் கோவமெல்லாம் படலை. ரொம்ப சாந்தமா, "கம்ப்ளெயின்ட்னா எழுதிக் கொடுங்கப்பா, பார்க்கலாம்"னார். அண்ணன்காரன் தம்பி தோளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, "வாடா, நாளைக்கும் இங்கதான பொழைக்கணும்"னு கூட்டிட்டுப் போயிட்டான். நான் கப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். வாயைத் திறக்கலை.

கப்போட ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்தாங்க. அது இன்னும் வீட்டுல இருக்கு. அம்மா அதுலதான் இட்லி போட்டு வைப்பாங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். பந்தயம்னா வகுப்புப் பிரிச்சுத்தான் விடணும். இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதில்லை. தெக்க மாட்டுவண்டிப் பந்தயத்துல பெரிய மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டுன்னு பிரிச்சுத்தானே விடறாங்க? மோட்டார் படகுலயும் அதே கதைதான். எஞ்சின் இத்தனை சிசி, படகும் ஓட்டுறவரும் சேர்ந்து குறைஞ்சது இத்தனை எடை, கம்பெனி கொடுத்த பாகத்துல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு வகுப்புக்கு வகுப்பு ஒரு பட்டியல். (சிசி கணக்கு ஏன், குதிரைத்திறனை வெச்சே பிரிக்கலாமேன்னு கேட்டா ஒரு சின்னக் கணக்கு: எங்க ஊர் உயரம் ஏறக்குறைய 2,100 மீட்டர். காத்து அடர்த்தி கம்மி. கீழே 10 குதிரைத்திறன் கொடுக்கற பெட்ரோல் எஞ்சின் மேலே வந்தா 8 கொடுத்தாலே பெரிசு. அளவுகோல் வெச்சு அளக்க முடியறது சிசியைத்தான்.)

விதி எழுதறது ஈஸி. ராத்திரி ஒரு டீயைக் குடிச்சுட்டு உட்கார்ந்தா நாப்பது பக்கம் எழுதிடலாம். அதை யார், எப்ப, எதை வெச்சுச் சோதிக்கறதுங்கறதுலதான் எல்லாம் நிக்குது.

அமெரிக்காவுல 1903-லேர்ந்து அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷன்னு ஒண்ணு இருக்கு. அங்க பெரும்பாலும் வார இறுதியில ஓட்டற ஆளுங்கதான். சொந்தக் காசுல படகு வாங்கி, சொந்த வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டு வந்து ஓட்டறவங்க. ஒம்பது வயசுப் பசங்களுக்குக்கூட அங்க ஒரு வகுப்பு உண்டு. ஸ்டாக் அவுட்போர்டுன்னு ஒரு பிரிவு: கம்பெனி எஞ்சினை அப்படியே ஓட்டணும். ஓடி முடிச்சு கரைக்கு வந்ததும் தராசு. பெரிய போட்டின்னா முன்னால வந்தவங்க எஞ்சினைப் பிரிச்சுப் போட்டே பார்ப்பாங்க. கார்புரேட்டர் துளையைப் பார்க்க ஒரு சின்னக் கம்பி இருக்கும். உள்ள போகலைன்னா சரி, போயிடுச்சுன்னா துளையைக் கடைஞ்சிருக்காங்க. விவாதமே கிடையாது. கம்பிக்கு உறவுக்காரன், ஊர்க்காரன் தெரியாது.

எனக்கு இதுல பிடிச்சது சோதனையோட கடுமை இல்லை. ஜெயிச்சவனைச் சோதிக்கறதுக்கு யாரும் மனு போட வேண்டியதில்லைங்கறதுதான். மோட்டார் பந்தயத்துல பொதுவா இன்னொரு வழியும் உண்டு: சந்தேகம்னா எழுதிக் கொடு, கூடவே இவ்வளவு பணம் கட்டு, உன் புகார் சரின்னா பணம் திரும்பக் கிடைக்கும். பேப்பர்ல படிக்க நியாயமாத்தான் இருக்கு. பெரிய கம்பெனி டீம்களுக்கு அது சரி, வக்கீலே வெச்சிருப்பாங்க. பொழுதுபோக்குக்கு ஓட்டற இடத்துல நடக்குமா? பக்கத்துப் படகுக்காரன்கிட்டத்தான் ஸ்பேனர் கடன் வாங்கணும். அவன் வண்டியிலதான் சில சமயம் வீட்டுக்குப் போகணும். அவன் மேல புகார் எழுதினா கட்டின பணமா பெரிசு? அடுத்த வாரத்துலேர்ந்து எழுதினவன்தான் ஊருக்கு ஆகாதவன். "தோத்துட்டான், அதான் வயித்தெரிச்சல்"ங்கற பட்டம் இலவசம். திருடினவனை விட்டுட்டுப் பார்த்தவன் தலையில பாரத்தை ஏத்தறோம். சாப்ட்வேர்ல ஒருத்தன் எழுதின கோடை இன்னொருத்தன் பார்க்காம மேல ஏத்தறதில்லையே. பக்கத்து சீட்காரன் புகார் கொடுத்தாத்தான் ரிவ்யூன்னு வெச்சுப் பாருங்க, ஒரே மாசத்துல கம்பெனியை மூடிடலாம் :-)

இப்ப அந்த ஜப்பான் கதை. 1952-ல நாகசாகி பக்கத்துல ஓமுராங்கற ஊர்ல ஆரம்பிச்சது. இது பொழுதுபோக்குப் பந்தயம் இல்லை, பந்தயப் பணம் புரள்ற தொழில். பணம் கட்டறவன் நம்பணும், இல்லைன்னா கடையைச் சாத்தணும். அதனாலயே அவங்க யோசிச்சிருக்கற விதம் அருமை. ஆறு படகு, மூணு சுத்து, மொத்தம் 1,800 மீட்டர். படகும் எஞ்சினும் ஓட்டுறவருக்குச் சொந்தமில்லை, மைதானத்தோடது. போட்டித் தொடருக்கு முந்தின நாள் குலுக்கல். எந்த நம்பர் வருதோ அதுதான் உன் எஞ்சின். ஆண்கள் 52 கிலோவுக்குக் கம்மியா இருந்தா எடையைச் சட்டையில கட்டிக்கிட்டு ஏறணும். ஸ்டார்ட் லைன்ல ஒரு பெரிய கடிகாரம். முள்ளு பூஜ்யத்தைத் தொட்டதுக்கப்புறம் ஒரு வினாடிக்குள்ள கோட்டைத் தாண்டணும். முன்னாடி தாண்டினா அவன் மேல கட்டின பணமெல்லாம் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அவன் 30 நாள் வீட்டுல உட்காரணும். எவனும் புகார் சொல்ல வேண்டியதில்லை.

குலுக்கல் போட்டுட்டா எல்லா எஞ்சினும் சமம் ஆயிடுமா? ஆகாது. அதை அவங்க ஒளிக்கறதும் இல்லை. ஒவ்வொரு எஞ்சினும் இதுவரைக்கும் எத்தனை சதவீதம் முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்திருக்குன்னு அச்சடிச்சு ரசிகன் கையிலேயே கொடுத்துடறாங்க! இதைப் பார்த்தப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒட்டுப்போட்ட படகு எதுன்னு 2013-ல எனக்கும் சித்தி பையனுக்கும் மட்டும் தெரியும். ஜப்பான்ல அது பேப்பர்லயே வந்திருக்கும்.

இன்னொரு சமாச்சாரம். 1988-லேர்ந்து அங்க ப்ரொப்பல்லர் மட்டும் ஓட்டுறவரோட சொந்தச் சரக்குன்னு வெச்சிருந்தாங்க. தண்ணியைத் தள்ளற அந்த இறக்கையைச் சுத்தியலால தட்டித் தட்டி வளைவை மாத்தறதே ஒரு தனி வித்தை. நல்ல ப்ரொப்பல்லர் கையில இருந்தா மட்டமான எஞ்சின்கூடப் பறக்கும். எஞ்சினைக் குலுக்கல்ல விட்டுட்டு ப்ரொப்பல்லரைப் பையில கொண்டுவர விட்டா குலுக்கலுக்கு என்ன அர்த்தம்? 2012-ல அதையும் நிறுத்திட்டாங்க. இப்ப எஞ்சினோட வர்ற ப்ரொப்பல்லர்தான். தட்டிக்கலாம், ஆனா அதுலயேதான் தட்டணும்.

நம்ம நாட்டுக்கு வந்த மோட்டார் படகுப் பந்தயம் கொஞ்சம்தான். 2017 மார்ச்ல மும்பை மரைன் டிரைவ்ல நடந்தது ஒரே அச்சுப் படகு: எல்லாம் 28 அடி, எல்லாத்துக்கும் 250 குதிரைத்திறன். 2018 நவம்பர்ல அமராவதி பக்கம் கிருஷ்ணா நதியில ஃபார்முலா ஒன் படகுகள் ஓடுச்சு. அதெல்லாம் காசு உள்ளவன் விளையாட்டு, சீக்கிரம் கடந்துடலாம். பக்கத்துல ஆலப்புழையைப் பாருங்க. நேரு கோப்பையில மோட்டார் கிடையாது, மனுஷன்தான் மோட்டார். வெளியூர்த் துடுப்புக்காரங்க நாலுல ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி. 2024 செப்டம்பர்ல காரிச்சால் சுண்டன் 4 நிமிஷம் 29.785 வினாடி, வீயபுரம் 4 நிமிஷம் 29.790 வினாடி. ஆயிரத்துல அஞ்சு பங்கு வினாடி! கடிகாரம் அவ்வளவு நுணுக்கமா அளக்குது. ஆனா நூறு பேருக்கு மேல உட்கார்ந்திருக்கற படகுல எவன் எந்த ஊருங்கறதை அளக்க எந்தக் கருவி இருக்கு? கரையில நின்னு சோதிக்க முடியாத விதி சண்டைக்குத்தான் ஆகும்ங்கறது என் கட்சி. உள்ளூர்ப் பையன் ஓட்டணும்ங்கற ஆசை தப்பில்லை. அதை வேற ஏதாவது வழியில செய்யணும்.

"தம்பி, விளையாட்டா நடத்தறோம், இருக்கறதே நாலு தொண்டர்கள், ஒவ்வொரு எஞ்சினையும் பிரிச்சுக்கிட்டு உட்கார முடியுமா?"ன்னு கேட்பீங்க. முடியாதுதான். பிரிச்ச எஞ்சினுக்கு கேஸ்கெட் புதுசா போடணும், அது யார் செலவு? அதனால எல்லாத்தையும் பார்க்கச் சொல்லலை. முதல் மூணு பேரைப் பாருங்க, மீதிப் பேர்ல குலுக்கல்ல வர்ற ஒருத்தரையும் பாருங்க. முழு எஞ்சின் வேணாம், அன்னிக்கு எந்த ஒரு பாகம்னு அதையும் சீட்டுப் போட்டு எடுங்க. காலையில மைக்லயே சொல்லிடுங்க. கடைசியா வந்தவனையும் நிறுத்தறாங்கன்னா ஜெயிச்சவனுக்கு அதுல அவமானம் இல்லை. சுத்தமா ஜெயிச்சவனுக்கு அது ஒரு சர்ட்டிபிகேட்டும்கூட.

எங்க ஏரி மாதிரி மிதி படகுன்னா இன்னும் சுலபம். சீட்டுக் குலுக்கிப் படகு கொடுங்க, ரெண்டு ரவுண்டு விடுங்க, நடுவுல படகை மாத்துங்க, ரெண்டு நேரத்தையும் கூட்டுங்க. அரைமணி நேரம் கூட ஆகும். மைக்காரர் ரெண்டு பாட்டு கூடப் போடணும். அப்படி வெச்சிருந்தா அன்னிக்கு நாங்க மூணாவதுகூட வந்திருக்க மாட்டோம்னு நான் எழுதியே கொடுப்பேன். புகார் மாதிரியே!

போன சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அந்த அண்ணன்காரனை ஏரிச்சாலையில பார்த்தேன். இப்ப அவருக்குச் சொந்தமா ரெண்டு குதிரை. நான் படகு விஷயத்தை முழுசாச் சொன்னேன். விரிசல், ஒட்டு, வரிசையில முதல்ல நின்னது, எல்லாம். அவர் குதிரைக்குக் கொள்ளுப் பையை மாட்டிக்கிட்டே கேட்டுட்டு, "எங்களுக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. ஏறி உட்கார்ந்ததுமே தெரிஞ்சுபோச்சு"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ஹாட்பாக்ஸ் இன்னும் சூடு நிக்குதா?"ன்னு கேட்டார்.

டிஸ்கி: நிக்குது. மூடி மட்டும் கொஞ்சம் லூஸ்.