பனிமலைக்குப் போவோர்க்கு ஒரு விண்ணப்பம்

நமது கலாசாலையில் ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்ததும் ஒரு வாதம் பிறக்கும். குளிர்கால விடுமுறைக்கு எந்தப் பனிமலைக்குப் போவது என்பதே அவ்வாதம். கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில், வலைகள் உலரும் மணல்மேட்டில் மாலைதோறும் கூடும் மாணாக்கருள் ஒருவர் குல்மார்க் என்பார். மற்றொருவர் ஔலி என்பார். மூன்றாமவர் கைப்பேசியிற் கண்ட படமொன்றைக் காட்டி, மணாலிக்கு நிகர் இல்லை என்று சாதிப்பார். வாடைக்காற்றையே கடுங்குளிரென்று எண்ணிக் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டும் ஊர் நம்முடையது. இவ்வூரார்க்குச் சறுக்குப் பலகையைக் காலிற் பூட்டி வெண்பனிச் சரிவில் இறங்கவேண்டுமென்னும் ஆசை உண்டாவது இயல்பே. அவ்வாசையைப் பழிக்க நாம் வரவில்லை; அதற்கு ஆட்பட்டு ஒருமுறை போய் வந்தவர்களுள் நாமும் சேர்ந்தவர்களே. ஆயினும், இடத்தைப் பற்றி இத்துணை வாதாடும் நம்மவர் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருத்தல் வியப்பிற்குரியது. இடத்தைத் தேருமுன் மாதத்தைத் தேர்தல் வேண்டும். அம்மாதம் நம் விடுமுறை வரும் மாதம் அன்று. இதுவே நாம் சொல்லக் கருதியது.

2024-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் எம்முள் பதினொருவர் குல்மார்க் சென்றோம். ஆறு மாதம் முன்னிருந்தே பணம் சேர்த்தோம். எம்மில் ஒருவர்க்கு அவர் அன்னையார், மீன் விற்ற காசிற் கட்டிவந்த சீட்டை எடுத்துத் தந்தார். பிரயாண ஏற்பாட்டாளர் ஒருவர், முழங்கால் ஆழம் பனி கிடக்கும் என்று உறுதி கூறினார். குல்மார்க் என்றால் பூக்களின் புல்வெளி என்பது பொருளாம். நாம் கண்டது பூவுமன்று, பனியுமன்று. பழுப்பேறிக் காய்ந்த புல். கடல் மட்டத்திற்கு 2,650 மீட்டர் உயரத்தில், சனவரி மாத நடுவில், வெயிற் காய்ந்துகொண்டு நின்றோம். சறுக்கு வண்டி இழுப்போரும் குதிரைக்காரரும் வழிகாட்டிகளும் கடை வாயில்களிற் குந்தியிருந்தனர். அவர்களைப் பார்த்த எம் மீனவ நண்பர், “தடைக்காலத்தில் நம் கரை இருப்பதைப் போலவே இருக்கிறது” என்றார். சித்திரை தொடங்கி அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கரையேறிக் கிடப்பதைக் கண்டவர்க்கே அச்சொல்லின் முழுப்பொருளும் விளங்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் தடைக்காலம் இன்ன நாளில் முடியும் என்று நமக்குத் தெரியும். அவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாம் ஊர் திரும்பிச் சிறிது நாளைக்குள், சனவரி மாதக் கடைசியில், பனி பெய்யத் தொடங்கிற்று. பிப்ரவரி 21 முதல் 25 வரை அதே சரிவுகளில் ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுக்கள் சிறப்பாக நடைபெற்றன. அப்படங்களை விடுதியில் உட்கார்ந்து பார்த்தபோது உண்டான மனவருத்தத்தை விரித்தெழுத வேண்டுவதில்லை.

இது தற்செயலாய் நேர்ந்த துரதிருஷ்டம் என்று முதலில் எண்ணினோம். பிறகு விசாரித்தறிந்தபோது அவ்வாறன்று என்று தெரிந்தது. நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று எப்படியோ, இமயத்தின் மேற்புறத்திற்கு மத்தியதரைக் கடற்பக்கமிருந்து கிளம்பி வரும் குளிர்காலப் புயல்கள் அப்படி. அவை அடுத்தடுத்து வந்தாற் பனி. வாராதொழிந்தால் வறண்ட புல். நம்மவர் அக்கினி நட்சத்திரம் என்று வெயிலுக்கு நாட்கணக்கு வைத்திருப்பது போலக் காசுமீரத்தார் குளிருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். டிசம்பர் 21 முதல் சனவரி 29 வரை உள்ள நாற்பது நாளுக்குச் சில்லை கலான் என்று பெயர். ஏரியின் நீர் உறையும் கடுங்குளிர் அந்நாட்களுக்கு உரியது. ஆனால் குளிர் வேறு, பனி வேறு. அடுக்கடுக்காய்ப் பெய்து, அமுங்கி, பலகை வழுக்கும்படி இறுகிய பனி வேண்டுமாயின் அந்நாற்பது நாளின் முடிவையும் அதற்குப் பிந்திய வாரங்களையுமே நம்புதல் தகும். அதுவும் முற்றும் நம்பத்தக்கதன்று என்பதையும் மறையாமற் சொல்லுகிறோம். 2025-இல் பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கில் தொடங்கவிருந்த அவ்விளையாட்டுக்கள் பனியின்மையால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. காலம் பிந்திக்கொண்டே போகிறது போலும். அங்ஙனமாயின், பொங்கலுக்குப் போவோர் கதி என்ன?

இவ்விடத்திற் புதுச்சேரிக்கு அயலல்லாத ஒரு தேசத்தின் வழக்கத்தை எடுத்துக்காட்டுதல் பொருந்தும். 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கை முறையாய் நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். அவர்களுட் பலர் பள்ளிப் பருவத்திலேயே பனிச்சறுக்கு அறிந்தவர்கள். அவர்தம் பெற்றோர் செல்வராய் இருந்ததனால் அன்று. 1953-இல் பாரிசை அடுத்த வான்வ் என்னும் ஊரின் பள்ளியொன்று, ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியரோடும் பாடப்புத்தகங்களோடும் சவாய் மலைப்பகுதிக்கு அனுப்பிற்று. காலையிற் பாடம், பிற்பகலிற் சறுக்கு. ‘பனி வகுப்பு’ எனப்பட்ட இம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. இன்றும் அத்தேசத்தார் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, பிப்ரவரியிலும் மார்ச்சுத் தொடக்கத்திலுமாக முறைவைத்து இரண்டு வாரக் குளிர்கால விடுமுறை விடுகின்றனர். பனி எப்பொழுது கிடைக்கும் என்று பார்த்து விடுமுறையை அமைத்தனர். நாமோ விடுமுறை எப்பொழுது கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் பனியை வரச்சொல்லுகிறோம்.

இனி, இடத்தைப் பற்றிச் சொல்லுவோம்.

ஔலியைப் பற்றி எமக்கு நல்லெண்ணமே உண்டு. 2,500 மீட்டருக்கும் 3,050 மீட்டருக்கும் இடையே அகன்று இறங்கும் அச்சரிவு, புதிதாய்க் கற்போருக்கு இணங்கியது. 2011-இல் தென்னாசியக் குளிர்கால விளையாட்டுக்கள் அங்கே நடந்தன. எனினும் இப்பொழுது அதை விலக்குக என்போம். ஔலிக்கு அடிவாரமான ஜோஷிமட் நகரத்தில் 2023 சனவரியில் நிலம் தாழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது; மக்கள் வீட்டை விட்டு வெளியேறினர்; நகரத்தையும் சரிவையும் இணைத்த நெடிய கம்பிவட வண்டியும் நிறுத்தப்பட்டது. அந்நகரம் பழைய மலைச்சரிவின் குவியல்மேல் நிற்கின்றது, பெருங்கட்டடம் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா குழுவினர் எச்சரித்திருந்தனர். அவ்வெச்சரிக்கைக்குப் பின்னும் விடுதிகள் எழுந்தது நம்மைப் போன்றோர் வருவதை நம்பியன்றோ? நாம் பதினொருவர் போகாதிருப்பதனால் அம்மலை நிலைத்துவிடும் என்று சொல்லவில்லை. நமக்கு மனம் ஒப்பவில்லை என்கிறோம், அவ்வளவே. அதுவுமன்றி, அதே 2023 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த சறுக்குப் போட்டிகள் பனியின்மையாற் கைவிடப்பட்டன.

மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கு, பெற்றோர் காசுமீரம் வேண்டா என்று மறுக்கும் மாணாக்கர்க்கு ஏற்றது. 1961-இல் நிறுவப்பெற்ற மணாலி மலையேற்றக் கழகத்தார் அங்கே சறுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். ஆயின், 2020-இல் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்தபின் அவ்வழியிற் பெருகிய வண்டிக் கூட்டத்தையும் கணக்கிற் கொள்க. குப்ரி, நார்கண்டா முதலிய இடங்கள் சிம்லாவைக் காணப்போவோர் ஒருநாள் பொழுதுபோக்குக்கு உரியன.

குல்மார்க்கோ, நம் தேசத்திற் சறுக்குக்குத் தாய்வீடு. 1927-இல் ஆங்கிலப் படைத்தலைவர் சிலர் அங்கே இந்தியச் சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினர். அரசினர் நடத்தும் சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சிக் கழகமும் அங்கேயே உள்ளது. 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து தனியொருவராய்ச் சென்று ஜயன்ட் சுலாலம் பந்தயத்தில் 45-ஆவதாக வந்த ஆரிப் கான் அப்பக்கத்தவரே. பழனியில் நாம் அறிந்த கம்பிவட வண்டியைப் போன்ற ஒன்று, 1998-இல் முதற்கட்டமும் 2005-இல் இரண்டாம் கட்டமுமாகத் திறக்கப்பெற்று, அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,980 மீட்டர் வரை ஏற்றிவிடுகின்றது. பெரும்பாலார் இவ்வண்டிக்காகவே போகின்றனர். நாமும் அப்படியே போனோம், அது தவறு. கற்பவர்க்கு வேண்டியது மலையுச்சியன்று. விடுதியை அடுத்துள்ள தாழ்ந்த மேடுகளே போதும். ஏர்க்கொழுவைப் போலப் பலகைகளின் முனைகளைச் சேர்த்துப் பின்புறத்தை அகற்றி, வேகத்தை அடக்கக் கற்றுக்கொள்ளவே இரண்டு மூன்று நாள் செல்லும். விழுந்து எழுவதற்கு ஒரு நாள் தனியே வேண்டும். ஆதலின் இரண்டு நாளிற் பார்த்துத் திரும்பும் கூட்டமாய்ப் போவதைவிட, ஒரு கிழமையேனும் ஓர் ஆசிரியரின்கீழ் அமர்ந்து கற்பதே செலவழித்த பணத்திற்கு ஈடாகும்.

தேகநலத்தைக் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். கடல் மட்டத்தில் வாழும் நாம் அவ்வண்டியில் ஏறினால் ஒரு நாழிகை இரண்டு நாழிகைக்குள் மலைமேல் நிற்போம். அங்கே காற்றின் அழுத்தம் நம் கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. எம்முள் இருவர்க்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாயின; கீழே வந்ததும் நீங்கின. முதலிரண்டு நாள் மேலே போகாதிருத்தல் நலம். பனியில் மின்னும் வெயில் கண்ணைக் கெடுக்கும் என்பதை, நண்பகற் கடலின் தகதகப்பை அறிந்த நம்மூரார்க்கு அதிகம் விளக்க வேண்டுவதில்லை. கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வரம்பிட்ட சரிவுகளை விட்டு அப்பாற் செல்லுதலோ உயிருக்கே ஆபத்து. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் பக்கத்திற் பனிச்சரிவிற் சிக்கிப் போலந்து நாட்டார் இருவர் மாண்டனர். 2024 பிப்ரவரி 22 அன்று ருஷியர் ஒருவர் மாண்டார். அவர்கள் நம்மைப்போற் புதியவர்களல்லர், தேர்ந்தவர்கள்.

காசுமீரம் என்றதும் பெற்றோர் அஞ்சுவது எமக்குத் தெரியாததன்று. 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காம் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்த இரவு, நம் விடுதியிற் பலர் உறங்கவில்லை. அவ்வச்சத்தை வாதத்தால் வெல்ல நாம் முயலோம். பெற்றோர் எழுத்தில் இசைவு தராத எவரையும் அழைத்துச் செல்லலாகாது. அவர்க்குச் சோலாங் உண்டு.

மூத்த ஆசிரியர் சிலர், “கோடைக்கானல் இருக்க இத்தனை தூரம் ஏன்?” என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர், சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பி அம்மலையில் இரண்டு பங்களாக்கள் கட்டிய நாள் முதல், மிஷன் கலாசாலைகளில் மலைவாசம் என்றாற் கோடைக்கானலே நினைவிற்கு வரும். இளைப்பாறுதல் ஒன்றே கருத்தாயின் நாமும் அதற்கே கைதூக்குவோம். செலவும் சிறிது, வழியும் கிட்டம். ஆனால் அங்கே மார்கழி விடியலிற் புல்மேல் உறையும் வெண்மை, வெயில் ஏறுமுன் மறைந்துவிடும். அதன்மேற் சறுக்க இயலாது. கற்க விரும்புவோனுக்கு அதைக் காட்டி அமைதி கூறுதல், நீந்த விரும்புவோனைக் கிணற்றடியிற் குளிப்பாட்டி அனுப்புவது போலாம்.

ஆகவே அதிபர் அவர்களுக்கும் ஆசிரியர் பேரவைக்கும் நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே: கல்விச் சுற்றுலாவிற்கென ஒதுக்கப்படும் நாட்களைப் பொங்கலை ஒட்டி வையாமல், பிப்ரவரி இரண்டாம் மூன்றாம் வாரங்களுக்கு மாற்றித் தருக. அவ்வாரங்களில் உள்தேர்வு வருகின்றது என்பதை அறிவோம். தேர்வைப் பத்து நாள் முன்தள்ளுதல் ஆசிரியர்க்குச் சிரமம். மாணாக்கராகிய நமக்கு அதனினும் சிரமம். அச்சிரமத்தை ஏற்க ஆயத்தமாயிருக்கிறோம் என்று இதனால் எழுத்திற் கொடுக்கிறோம். பழைய மாணவர் சங்கத்தாரிடம் வேறொன்று வேண்டுகிறோம். ஆண்டுதோறும் இருவர்க்கேனும் வண்டிச் சத்தமும் பயிற்சிக் கட்டணமும் சங்கம் ஏற்றல் வேண்டும். சீட்டுப்பணத்தை எடுத்துத் தந்த அன்னையார், மகன் திரும்பியதும், “பனி எப்படியடா இருந்தது?” என்று கேட்டாராம். நண்பர் என்ன விடை சொன்னார் என்று எமக்குச் சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரியிற் செல்ல விரும்புவோர் ஐப்பசிக்குள் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் பெயர் தருக. கம்பளிச் சட்டை இல்லாதார் அதற்கென்று வாங்க வேண்டா. எம் பதினொருவருடையவும் பெட்டியிற் சும்மா கிடக்கின்றன.