ஆற்றலும் திறனும்

தியாகராய நகர்க் கடையொன்றில் கீசர் வாங்குபவர் அதன்மீது 2 கிலோவாட் என்று பொறித்திருக்கக் காண்கிறார். இரு திங்களுக்கொருமுறை வரும் மின்கட்டணக் கணக்கிலோ 'யூனிட்' என்றிருக்கிறது. முன்னது திறன், பின்னது ஆற்றல். அக்கருவி அரைமணி நேரம் இடைவிடாது இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். இவ்வளவுதான் செய்தி. ஆயினும் தமிழாசிரியராகிய நாமே நெடுங்காலம் 'மின்சக்தி' என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் போர்த்தி வந்திருக்கிறோம்.

ஆற்றல் அமைப்புத் தொழில்நுட்பம் பயிலப் புகும் மாணவனுக்கு இவ்வேறுபாடே முதற்பாடம். கீழக்கரையைத் தன்னகத்தே கொண்ட இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில், 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. 648 என்பது அதன் நிறுவு திறன். நள்ளிரவில் அங்கே விளையும் ஆற்றல் சுழியே. முப்பந்தல் காற்றாலைகளும் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்நோக்கி நிற்பவையே. வெயிலும் காற்றும் ஓய்ந்த வேளையில் ஊருக்கு எவ்வாறு மின்சாரம் அளிப்பது என்பதே இத்துறையின் வினா. திறனையும் ஆற்றலையும் குழப்புகிறவனுக்கு அவ்வினாவே விளங்காது.

தென்சென்னையில் இக்கல்விக்கு இடமில்லாமல் இல்லை. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆற்றல் ஆய்வு நிறுவனமும், அடையாற்றை அடுத்து 1959-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், தரமணியில் மத்திய பல்தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. சற்றுத் தள்ளிப் பள்ளிக்கரணையில், 1998-இல் தோன்றிய தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. நம் பெற்றோரோ கணிப்பொறியை விட்டால் வளைகுடா என்று எண்ணுகின்றனர். வளைகுடா நாடுகளே எண்ணெயோடு சூரிய ஒளியையும் நாடத் தொடங்கிவிட்டதைப் பெரியோர் கருதிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்வழிப் பள்ளியிலிருந்து பாலிடெக்னிக் செல்லும் பிள்ளையின் நிலை நம்மை வருத்துகிறது. ஆற்றல், திறன், விசை ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பிலேயே படித்துத் தேறியவன் அவன். வகுப்பறையில் 'எனர்ஜி', 'பவர்' என்று கேட்டதும் அவை தான் முன்பே அறிந்தவை என்பதை உணராமல், தன்னை மந்தபுத்திக்காரன் என்று கருதி ஒடுங்கிவிடுகிறான். தெருவில் 'கரண்ட்' என்றால் மின்சாரம் முழுமையும். வகுப்பிலோ அது மின்னோட்டம் மட்டுமே. இதை அவனுக்கு எடுத்துச் சொல்பவர் யார்? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பயிற்றுமொழி பற்றிய அவ்வழக்கில் நாம் இங்கே புகவில்லை. ஆங்கிலத்தில் பயில்வோனுக்கும் தமிழ் கைவிளக்காகலாம் என்பதே நம் கருத்து.

தனித்தமிழ்ச் சொல்லே வேண்டும் என்று அடம்பிடிப்பதும் நம் நோக்கமன்று. 'டர்பைன்' அப்படியே இருக்கட்டும். அரபுச் சொற்களைத் தயங்காமல் ஏற்ற மரபு நம்முடையது. 1572-இல் எழுந்த ஆயிர மசலாவின் பெயரே அதற்குச் சான்று. இலங்கைப் பாடநூல்கள் நாம் ஆற்றல் என்பதைச் சக்தி என்றும், திறன் என்பதை வலு என்றும் வழங்குகின்றன. எச்சொல்லாயினும் ஆகுக, ஒன்றுக்கு ஒன்றாக நிற்றல் வேண்டும். நாமோ 'திறன்' என்பதையே ஆளுமைக்கும், கொள்ளளவுக்கும், பயனுறுதிறனுக்கும் வாரி வழங்குகிறோம்.

மசலா என்றால் வினா. முதலாண்டு மாணவர்க்கென நூறு வினாவிடைகள் கொண்ட சிறுநூல் ஒன்றை நம் துறையும் இயற்பியல் துறையும் கூடி ஆக்கலாம். பொருளை அவர்கள் சரிபார்க்கட்டும். சொல்லை நாம் பார்த்துக்கொள்வோம். முதல் வினாவாகக் கீசர் கணக்கையே வைக்கலாம்.